மிதித்தும் ஓடாத பிக்கப்

எம்மவர்கள் பலர் இந்த நாட்டுக்கு வந்து முதலில் வாங்குவது ஒரு பழைய கார். நாங்கள் நாலு பேர் காசு போட்டு வாங்கியது ஒரு பழைய பிக்கப். 2009ஆம் ஆண்டு மொடல், நாலு சிலிண்டர், ஐந்து கியர், பின்சில்லு இழுக்கும் வண்டி. எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை.

ஏன் பிக்கப் என்று கேட்பீர்கள். நாங்கள் நால்வரும் ஸ்காபரோவில் ஒரே பேஸ்மென்றில் இருக்கிறோம். வேலை அஜாக்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரவு வேலை. அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்பி வெளிக்கிட ஏலாது. சனி ஞாயிறில் புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி ஏற்றிக் கொடுத்தால் கையில் ஏதோ வரும். கியர் வண்டி என்றபடியால் விலையும் குறைவு. ‘இப்போது இதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை’ என்று விற்றவரே சொன்னார். அது உண்மைதான். பெரிய பிக்கப்களில் கடைசியாகக் கியர் வைத்து விற்றது றாம். அதுவும் 2018 மொடலோடு நின்றுவிட்டது. சிறியவற்றில் டொயோட்டா டகோமா 2024இல் புதிதாக வந்தபோதும் 6 கியர் பெட்டியைக் கைவிடவில்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். லண்டனில் ஓட்டோமற்றிக் காரில் சோதனை எடுத்தவர் கியர் வண்டி ஓட்டச் சட்டம் இடம் கொடாது. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. கார் லைசென்சுக்கு எதில் சோதனை எடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம். எங்களில் இளையவர் ஓட்டோமற்றிக்கில் படித்து, ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணியவர். கிளச் மிதிப்பதை நாங்கள்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டிக் கொடுத்தோம். வண்டி நின்றுபோகாமல் எடுக்கப் பழகினார். அதோடு படிப்பு முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

கார்த்திகை மாதம், இரவு பத்து மணி. தம்பி ஓட்டுகிறார். மோணிங்சைட்டில் இருந்து 401 கிழக்கே ஏறும் வளைவு. பெற்றோல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வைத்ததில், அவர் வளைவிலேயே ஐந்தாவது கியருக்குப் போய்விட்டார். வேகம் 65. ஹைவேயில் எல்லோரும் நூறுக்கு மேலே போகிறார்கள். பின்னால் ஒரு பெரிய ட்ரக்கின் வெளிச்சம் கண்ணாடி முழுக்க நிரம்புகிறது. ‘மிதியடா, மிதி!’ என்று நாங்கள் மூவரும் கத்துகிறோம். ‘மிதிச்சுத்தான் பிடிச்சிருக்கிறன் அண்ணை, ஓடுதில்லை!’ என்று அவர் அழாத குறை. எஞ்சின் ஊம் ஊம் என்று முனகியதே தவிர வேகம் ஏறவில்லை. ட்ரக்காரன் ஹோர்னை அமத்திக்கொண்டு பக்கத்தால் போனான். நாங்கள் ஓரத்துக்கு இறங்கி நின்றுவிட்டோம். ஐந்து நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் தம்பி இனி ஓட்டமாட்டேன் என்றார். ஓட்டமாட்டார் என்றால் எங்கள் முறை ஒழுங்கு குழம்பும். எங்களில் ஒருவருக்குக் கண் இரவில் சரியில்லை, இன்னொருவருக்கு லைசென்சே இல்லை. ஆள் குறைந்தால் வேலைக்குப் பிந்துவோம், பிந்தினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வண்டியில்தான் பிழை என்று ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் பலம் போய்விட்டது, அது மாற்ற வேண்டும், இது மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்ன தொகை நாங்கள் வண்டிக்குக் கொடுத்ததை விட அதிகம்.

அப்போதுதான் கோயிலில் கண்ட ஒரு ஐயாவின் ஞாபகம் வந்தது. ஊரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவரை டிப்போ ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வந்தார். முதலில் எஞ்சினைத் திறக்கவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்து குனிந்து கீழே பார்த்தார். பனிக்கென்று நாங்கள் போட்ட தடித்த இறப்பர் பாய் மடிந்து அக்சிலறேற்றருக்குக் கீழே திரண்டு கிடந்தது. மிதி முழுசாக இறங்கவே இல்லை! ‘நீ மிதிச்சது பாயையடா தம்பி’ என்றார். எங்களுக்குச் சிரிப்பும் வெட்கமும். இது சிரிக்கும் விஷயமும் அல்ல. அதே பாய் மிதியின் மேலே ஏறிச் செருகினால் மிதி மேலே வராது, வண்டி பறக்கும். ஒரு பாய்க்கு மேல் இன்னொரு பாய் போடாதீர்கள். தரையில் உள்ள கொளுவியில் மாட்டும் பாயையே போடுங்கள்.

பிறகு காற்று வடியைத் திறந்தார். உள்ளே எலி பஞ்சு கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. இருபது சொச்ச டொலருக்குப் புது வடி போட்டோம்.

இங்கே டிப்போ ஐயா சொன்னதை எங்களுக்கு விளங்கியபடி எழுதுகிறோம். அக்சிலறேற்றரை மிதித்தால் பெற்றோல் ஊற்றுப்படுகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெற்றோல் எஞ்சினில் அந்த மிதி திறப்பது ஒரு காற்றுக் கதவை. அதைத்தான் திறொட்டில் என்கிறார்கள். எவ்வளவு காற்று போகிறது என்று பார்த்து, அதற்கு அளவாகப் பெற்றோலை விடுவது கம்ப்யூட்டரின் வேலை. வடி அடைத்திருந்தால் காற்று குறையும், பெற்றோலும் அளவோடு குறையும். ஆறுதலாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழுசாக மிதிக்கும் அந்த நேரத்தில்தான் கையை விரிக்கும்.

பழைய வண்டிகளில் இந்தக் கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டர் இல்லை, காபரேற்றர்தான். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் சொல்லிக் கேட்டது கனக்க. சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது, ஆவியாகாதது எரியாது. மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துத்தான் போகும், பின்னால் வெள்ளைப் புகை. அதை ஓட்டிய கைகளுக்குக் கியரின் அருமை தெரியும் என்றார் ஐயா.

பாயும் வடியும் சரி வந்தபின் தம்பியைப் பக்கத்தில் இருத்தி அதே வளைவுக்குப் போனார். நாங்கள் பின்னால். ‘உது எஞ்சின்ரை பிழையில்லை. ஐஞ்சாவது கியரிலை ஏறினா எந்த எஞ்சினும் முனகத்தான் செய்யும். ஊசியைப் பார்’ என்றார். எங்கள் வண்டியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்தாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 தரம் சுற்றுகிறது. அதே 60இல் மூன்றாவது கியரில் 2,500. சில்லுக்குப் போகும் இழுவையோ மூன்றாவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வன்னியில் லான்ட்மாஸ்டர் சேற்றுக்குள் எந்தக் கியரில் போனது என்று நினைத்துப் பாருங்கள். முதலாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய நாலு தரம் சுற்றினால்தான் கியர்ப் பெட்டிக்கு வெளியே போகும் தண்டு ஒரு தரம் சுற்றும். நாலாவதில் ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவது வேகம் எடுப்பதற்கு அல்ல, எடுத்த வேகத்தில் பெற்றோல் மிச்சம் பிடித்துப் போவதற்கு.

ஆகவே வளைவில் இருக்கும்போதே மூன்றாவதுக்கு வந்துவிட வேண்டும். வளைவு நேராகியதும் முழுசாக மிதித்து, 90 மட்டும் மூன்றாவதிலேயே வைத்து, பிறகு நாலாவது. எஞ்சின் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குத்தான் தம்பி பயந்து கியரைக் கூட்டியிருக்கிறார். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போகாதவரை அந்தச் சத்தத்தில் கேடு இல்லை. நாலாவதில் இருந்து மூன்றாவதுக்கு இறக்கும்போது, கிளச் அமர்ந்திருக்கையில் அக்சிலறேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை உயர்த்திவிட்டுக் கிளச்சை விட்டால் உதறல் இல்லை. கை தவறி முதலாவதுக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். அந்த வேகத்தில் எஞ்சின் உடையும்.

தம்பிக்கு இன்னொரு பயம் இருந்தது. கியர் மாற்றக் காலை எடுத்தாலும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் கொஞ்சம் தொங்கி நிற்கும். மிதி இறுகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். முன்பு மிதிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கம்பி. காலை எடுத்தால் கதவு மூடும். இப்போது மிதியில் இருந்து போவது மின்சாரச் செய்தி. எரியாத பெற்றோல் புகையோடு வெளியே போவதைக் குறைக்கக் கம்ப்யூட்டர் கதவை மெல்ல மூடுகிறது. அரை நொடி பொறுத்து மாற்றினால் சரி.

பெற்றோலையும் பலத்தையும் தின்னும் இன்னொரு கள்ளன் கிளச். ஐந்தாவது கியரில் 70இல் போய்க்கொண்டு ஒரு ஏற்றத்தில் முழுசாக மிதித்துப் பாருங்கள். ஊசி சட்டென்று மேலே பாய்ந்தும் வேகம் ஏறவில்லை என்றால் கிளச் தட்டு வழுக்குகிறது. பழைய கியர் வண்டி வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் இதைச் செய்யுங்கள். பெரிய ரயர் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கியரையும் அரைக் கியர் உயர்த்திய மாதிரி வண்டி சோம்பும்.

இப்போது கடைகளில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். மிதிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கொளுவினால் வண்டி பறக்கும் என்பார்கள். எங்கள் வேலையிடத்தில் ஒருவர் சில நூறு டொலர் கொடுத்துப் பூட்டினார். அது செய்வது இவ்வளவுதான்: நீங்கள் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். முழுசாக மிதித்தால் முன்பிருந்த அதே பலம்தான். கியர் வண்டியில் முதலாவதில் எடுக்கும்போது வெட்டி வெட்டிப் பாயும். பனியில் அது பெரிய வில்லங்கம்.

பனி என்றதும் ஒன்று. வெறும் பிக்கப்பில் பின்பக்கம் பாரம் இல்லை, இழுப்பதோ பின்சில்லு. கொஞ்சம் கூட மிதித்தால் சில்லு அந்த இடத்திலேயே சுற்றும். சறுக்கும் றோட்டில் கியரை இறக்கிக் கிளச்சைப் படக்கென்று விட்டால் பின்சில்லு பிடித்து வண்டி திரும்பிவிடும். பனியில் இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். பெட்டிக்குள் பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டை வைத்து, நகராமல் கட்டுங்கள். (மணல் மூட்டை என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது வேறு.) சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், ஆட்களும் பாரமும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். மூட்டைகளும் நாங்களும் அந்தக் கணக்குக்குள்தான்.

டிப்போ ஐயா மூன்று ஞாயிறு வந்தார். முதல் இரண்டும் ஒரு பிளாசாவின் வெறும் நிறுத்துமிடத்தில், மூன்றாவது 401இல். காசு வாங்கவில்லை, மனைவிக்கு என்று ஒரு பெட்டி மாம்பழம் மட்டும். மார்கழியில் இருந்து தம்பி பழையபடி தன் முறைக்கு ஓட்டுகிறார். வளைவு வரும்போது நாங்கள் மூவரும் இன்னும் மூச்சைப் பிடிக்கிறோம், அது அவருக்குத் தெரியாது. மாசி மாதம் ஒரு குடும்பத்துக்குக் குளிர்சாதனப் பெட்டி ஏற்றிப் போனபோது ஏற்றத்தில் ஊசி ஒருதரம் பாய்ந்தது, வேகம் ஏறவில்லை. கிளச்தான். அடுத்த குளிருக்கு முதல் மாற்ற வேண்டும். ஆளுக்குக் கிழமைக்கு 20 டொலர் தகரப் பேணிக்குள் போட்டு வருகிறோம்.