உருகிய காரீயத்தைச் சுத்தம் செய்தல்

மும்பைக்கு வடகிழக்கே, கல்யாண் சந்திப்பைக் கடந்து கர்ஜத் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் அமைந்திருக்கிறது அம்பர்நாத் நகரம். கி.பி. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டினை உடைய சிவாலயம் அந்நகருக்குப் பழம்பெருமை அளிக்கிறது. புதுப்பெருமை அளிப்பவை அங்குள்ள தொழிற்சாலைகள். 1950களில் மத்திய அரசாங்கம் அங்கே ஒரு படைக்கலத் தொழிற்சாலையை நிறுவியது. இரும்பு அல்லாத உலோகங்களை உருக்கிக் கலந்து, தோட்டாக் கூடுகளுக்கு வேண்டிய பித்தளைக் கிண்ணங்கள் முதலியவற்றைச் செய்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் யாவும் ஏழு அரசுக் கம்பெனிகளின்கீழ்க் கொண்டுவரப்பட்டபொழுது, அம்பர்நாத் தொழிற்சாலை யந்த்ரா இந்தியா நிறுவனத்தில் சேர்ந்தது. 1869இல் தோன்றிய கட்கி தொழிற்சாலையும் 1964இல் தோன்றிய வரண்காவ் தொழிற்சாலையும் தோட்டாக்கள் செய்பவை. அவை முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தைச் சேர்ந்தன.

தோட்டாவின் கூடு பித்தளையால் ஆனது. அதிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டு வேறு வகையானது. குண்டின் மேலுறை செம்புக் கலவையால் ஆனது. உள்ளீடு பெரும்பாலும் காரீயம். காரீயம் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் காரீயத்தின் எடை 11.3 கிராம்; இரும்போ 7.9 கிராம்தான். கனமான குண்டு காற்றின் தடையை மீறி நெடுந்தூரம் செல்லும். தனிக் காரீயம் மிக மென்மையானது ஆதலால், அதனைக் கடினமாக்கச் சிறிது ஆண்டிமனி சேர்ப்பது வழக்கம்.

துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டப்பட்ட வரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பொருளின் எடை அச்சினைச் சுற்றிச் சமமாகப் பரவியிருத்தல் வேண்டும். உள்ளீட்டில் ஒரு துணுக்குக் கசடோ ஒரு காற்றுக் குமிழியோ சிக்கியிருந்தால் சமநிலை கெடும்; குண்டு குறி தவறும். ஆகவே, காரீயத்தை வார்ப்பதற்கு முன் சுத்தம் செய்தல் இன்றியமையாததாகிறது.

இரண்டு ஈயங்கள்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் பூசும் ஈயமும் வெள்ளீயம் ஆகும். அது 232 பாகை சென்டிகிரேடில் உருகும். உணவுக்குத் தீங்கு செய்யாது. குண்டுக்கும் மின்கலத் தகட்டுக்கும் பயன்படுவது காரீயம். அது 327 பாகையில் உருகும், அது நஞ்சு. இரண்டும் பார்வைக்கு ஒத்திருப்பதால், வெள்ளீயத்தில் காரீயம் கலந்துவிடும் அபாயம் எப்பொழுதும் உண்டு. இக்கட்டுரையில் கூறப்படுவது காரீயத்தைப் பற்றியே ஆகும்.

கசடு தோன்றும் விதம்

இரும்புக் கொப்பரையில் உருகி நிற்கும் காரீயத்தின் மேற்பரப்பை ஒரு கரண்டியால் ஒதுக்கினால், உள்ளே வெள்ளியைப் போல் பளபளக்கும். சில விநாடிகளிலேயே அந்தப் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிற ஏடு படியும். காற்றிலுள்ள பிராணவாயு காரீயத்துடன் கூடி ஆக்ஸைடாக மாறுவதே இதற்குக் காரணம். ஏட்டை அகற்றினால் புதிய பரப்பு வெளிப்பட்டு மீண்டும் ஏடு படியும். உஷ்ணம் மிகுந்தால் இது இன்னும் விரைவாக நிகழும்.

பழைய உலோகத்தை உருக்கும்பொழுது இந்த ஏட்டோடு மண், எண்ணெய், இரும்புத் துணுக்கு முதலியனவும் மேலே மிதக்கும். காரீயத்தைவிட இவை யாவும் இலேசானவை. இரும்பு ஆணிகூட அதில் மிதக்கும். ஆனால் மேலே திரண்டது முழுவதும் குப்பை அன்று. ஆக்ஸைடு ஏடு சிறு சிறு பைகளைப் போல நல்ல உலோகத்தையும் தன்னுள் சிறைப்படுத்தி வைத்திருக்கும். அப்படியே வழித்து எறிந்தால் கணிசமான உலோகம் வீணாகும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கலவையில் வெள்ளீயம் இருந்தால், அது காரீயத்தைக் காட்டிலும் பிராணவாயுவை அதிகமாக நாடும். எனவே ஏட்டில் வெள்ளீயத்தின் பங்கு மிகுந்திருக்கும். அடிக்கடி ஏட்டை வழிப்பவர் தம்மை அறியாமலே விலையுயர்ந்த உலோகத்தை எடுத்து எறிந்தவர் ஆகிறார். அச்சகத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர். லைனோடைப் இயந்திரத்தில் வார்க்கும் எழுத்து உலோகத்தில் ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் இருந்தன. அச்சிட்டு முடிந்த எழுத்துகளை மீண்டும் மீண்டும் உருக்கும்பொழுது வெள்ளீயமும் ஆண்டிமனியும் குறையும். அக்குறையை ஈடுசெய்ய, அவ்விரண்டும் மிகுந்த தனிக் கலவையை அவ்வப்பொழுது சேர்த்தனர்.

இளக்கியின் வேலை

உருகிய உலோகத்திலிருந்து கசட்டைப் பிரிக்க உதவும் பொருளுக்கு இளக்கி என்று பெயர். இது நமக்குப் புதியது அன்று. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் முதலில் நவச்சாரத்தைத் தூவுகிறார். அது செம்பின் மேலுள்ள ஆக்ஸைடைக் கரைத்து, ஈயம் பற்றிக்கொள்ள வழி செய்கிறது. பொற்கொல்லர் பற்றவைக்கும்பொழுது வெண்காரத்தைத் தடவுவதும் இதற்காகவே.

காரீயக் கொப்பரையில் இடும் இளக்கிகள் பெரும்பாலும் கரிச்சத்து உள்ளவை. மெழுகு, குங்கிலியம், மரத்தூள், கரித்தூள் ஆகியவை வழக்கத்தில் உள்ளன. இவை மூன்று வகையில் உதவுகின்றன. முதலாவதாக, எரிந்தும் கருகியும் மேற்பரப்பை மூடி, காற்று நேராகப் படாமல் தடுக்கின்றன. இரண்டாவதாக, கரி ஆக்ஸைடிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்வதால், அதன் ஒரு பகுதி மீண்டும் காரீயமாகிறது. வெள்ளீய ஆக்ஸைடு அவ்வளவு எளிதில் இதற்கு இணங்குவதில்லை. மூன்றாவதாக, கிளறும்பொழுது ஏட்டுப் பைகள் உடைந்து, சிறைப்பட்ட துளிகள் ஒன்றுசேர்ந்து கீழே இறங்குகின்றன. எஞ்சுவது உலர்ந்த கரிய தூள். அதனை வழித்து எடுப்பது எளிது.

இவ்வேலையில் ஈரம் கொடிய பகை. நீர் ஆவியாகும்பொழுது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. ஈரமான மரத்தூளோ, குளிர்ந்த பனி படிந்த கட்டியோ, நனைந்த கரண்டியோ உருகிய காரீயத்தினுள் அமிழ்ந்தால், அந்த ஆவி உலோகத்தை வெடிபோல் வாரி இறைக்கும். முகத்திற்கு மறைப்பும் கைகளுக்குத் தோலுறையும் இன்றிக் கொப்பரையின் அருகே நிற்பது தகாது.

இளக்கியால் ஆகாதவை

இளக்கி எல்லா அழுக்கையும் நீக்கும் என்று கருதுவது தவறு. ஆக்ஸைடையும் மிதக்கும் குப்பையையும் அது பிரிக்கும். காரீயத்தில் கரைந்துவிட்ட பிற உலோகங்களை மரத்தூளும் மெழுகும் அகற்ற மாட்டா. துத்தநாகம் இதற்குச் சிறந்த உதாரணம். அம்பர்நாத்தில் செய்யும் பித்தளைக்குத் துத்தநாகம் உயிர்நாடி. அதே துத்தநாகம் காரீயத்தில் கலந்தால் மேற்பரப்பில் தடித்த ஆடை படியும். உலோகம் அச்சினுள் சரியாக ஓடாது. துத்தநாகம் உருகும் உஷ்ணநிலை 419 பாகை. கொப்பரையின் உஷ்ணநிலையை அதற்குக் கீழாகவே வைத்திருந்தால், தவறி விழுந்த துத்தநாகத் துண்டு பெரும்பாலும் கட்டியாகவே மிதக்கும். உஷ்ணமானி கொண்டு அளப்பதன் பயன் இதுவே.

கரைந்த உலோகங்களை நீக்க உலோகச் சுத்திகரிப்பு ஆலைகள் வேறு முறைகளைக் கையாளுகின்றன. காரீயத்தை மெதுவாக ஆறவிட்டால் செம்பு முதலில் பிரிந்து மேலே வரும். கந்தகத்தைக் கலந்து கிளறினால் எஞ்சிய செம்பும் சேர்மமாகி மிதக்கும். ஹாரிஸ் முறையில், உருகிய காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் ஆர்சனிக், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவற்றைக் கவர்ந்துகொள்கின்றன. 1850இல் அலெக்ஸாண்டர் பார்க்ஸ் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையோ விந்தையானது. அதில் துத்தநாகத்தை வேண்டுமென்றே காரீயத்தில் சேர்க்கின்றனர். காரீயத்திலுள்ள வெள்ளியைத் துத்தநாகம் ஈர்த்துக்கொண்டு மேலே மிதக்கிறது. பின்னர் எஞ்சிய துத்தநாகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி அகற்றுகின்றனர். இராஜஸ்தானத்துச் சுரங்கங்களிலிருந்து காரீயத்தோடு வெள்ளியும் நமக்குக் கிடைக்கிறது.

கொப்பரையை விட்டு நீங்கிய காரீயம்

கொப்பரையில் உலோகம் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. ஆனால் அங்கிருந்து நீங்கிய கசடு எங்கே சென்றது? இக்கேள்விக்கு விடை கூறாதவரை சுத்தம் செய்யும் வேலை முடிந்ததாகாது. வழித்து எடுத்த தூள் மிக நுண்ணியது. அது காற்றில் பறக்கும். தலைமயிரிலும் ஆடையிலும் நகக்கண்ணிலும் தங்கும். உஷ்ணநிலை 500 பாகையை நெருங்கினால் காரீயத்தின் ஆவியும் கவனிக்கத்தக்க அளவில் எழும். மூச்சின் வழியாகவும் வாயின் வழியாகவும் உடலில் புகும் காரீயம் இரத்தத்தையும் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் கெடுக்கிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது.

சிறு குழந்தைகளுக்கு அபாயம் மிகுதி. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்கும் பங்கைக் காட்டிலும் பன்மடங்கு பங்கினைக் குழந்தைகளின் உடல் ஏற்கிறது. வளரும் மூளைக்கு அது இழைக்கும் தீங்கு திரும்பச் சீராவதில்லை. தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவும் காரீயத்திற்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரின் புறநகர்ப் பகுதி தியாரோய்-சுர்-மேர். அங்கே பழைய மின்கலங்களை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் நடந்து வந்தது. மண்ணிலும் காரீயம் கிடக்கிறது என்று அறிந்த மக்கள் மண்ணைச் சலித்து எடுத்து விற்றனர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அவ்விடத்தில் 18 குழந்தைகள் மாண்டனர். அவர்களுள் எவரும் உலைக்களத்தில் வேலை செய்தவர் அல்லர்.

வீடு உலைக்களம் அன்று

அமெரிக்கா முதலிய சில நாடுகளில், குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் வீட்டிலேயே காரீயக் குண்டு வார்ப்பதுண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா முதலியவற்றைச் செய்தல் குற்றமாகும். ஆயினும் காரீயம் உருக்கும் வேலை சிறிய பட்டறைகளில் பலவிதமாக நடைபெறுகிறது. மீன் வலைக்கு எடைக்குண்டு வார்ப்போர் உளர். பழைய மின்கலத் தகடுகளை உருக்குவோரும் உளர். கொப்பரையின் இயல்பு எங்கும் ஒன்றே. ஆதலால் எச்சரிக்கையும் ஒன்றே.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் காரீய நஞ்சினை முதலாவதாகக் குறித்தது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரும்பச் சேகரித்து முறையாகப் புதுப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. பழைய மின்கலத்தைப் பதிவு பெற்ற இடத்தில் ஒப்படைப்பதே குடிமக்கள் செய்யத்தக்கது.

காரீயத் தொழிலில் ஈடுபட்டோர் கடைப்பிடிக்க வேண்டியவை அரியவை அல்ல. கொப்பரையின் மேல் புகையை இழுத்து வடிகட்டும் கூண்டு இருத்தல் வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். கசட்டை மூடியுள்ள உலர்ந்த கலத்தில் வைத்துச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டும், குப்பையில் கொட்டலாகாது. ஆர்சனிக்கோ ஆண்டிமனியோ உள்ள சிலவகைக் கசடுகள் ஈரம் பட்டால் நச்சு வாயுவை வெளிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேலையிடத்தில் உண்ணுதலும் புகை பிடித்தலும் கூடா. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, குளித்து வேலை உடையை மாற்றிக்கொண்ட பின்னரே வீடு திரும்ப வேண்டும். தந்தையின் சட்டையில் ஒட்டிவரும் சாம்பல் நிறத் தூள்தான் தொட்டிலில் உள்ள குழந்தையை முதலில் சென்று அடைகிறது.