மூடிய கதவைத் 'திறந்திருக்கிறது' என்று சென்சார் சொல்வது ஏன்?

கதவு மூடியிருக்கிறது, அலாரமோ திறந்திருப்பதாகச் சாதிக்கிறது. உடனே பேட்டரியைப் பழிப்பது வழக்கம். முதலில் சந்தேகிக்க வேண்டியது காந்தத்தை. கதவில் காந்தம், நிலையில் சென்சார். அதனுள் பெரும்பாலும் 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்ச். காந்தம் நெருங்கினால் கண்ணாடிக் குழாய்க்குள் இரு மெல்லிய உலோக நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். சிறு காந்தத்தின் புலம் தூரம் கூடக்கூட விறுவிறுவெனத் தேய்கிறது: இடைவெளி இரட்டித்தால் வலிமை ஏறக்குறைய எட்டில் ஒன்று. இடைவெளியைக் கூட்ட மழையில் உப்பிய மரமோ தளர்ந்த கீலோ போதும்; இரும்புக் கதவு புலத்தைத் தன்பக்கம் இழுத்து இன்னும் கெடுக்கும். பேட்டரி தீர்ந்திருந்தால்? அப்போது சென்சார் பொய் சொல்வதைவிட ஊமையாவதே அதிகம். தொடர்பு அறுந்ததாக அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை காட்டும். சந்தேகமிருந்தால் காந்தத்தைக் கழற்றிச் சென்சாரை ஒட்டிப் பிடியுங்கள். 'மூடியது' என்று மாறினால், பேட்டரியை விட்டுவிட்டு இடைவெளியைக் குறையுங்கள்.