முதலில் சுண்ணாம்பு, அப்புறம் மணிச்சத்து

பிரேசிலின் நடுப்பகுதியில் செராடோ என்றொரு புல்வெளி இருக்கிறது. ஏறத்தாழ 20 கோடி ஹெக்டேர். நல்ல மழை, சமதளம், ஆழமான செம்மண். ஆனாலும் 1960கள் வரை அது மாடு மேயத்தான் லாயக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று அங்கே மக்காச்சோளம் மலைபோலக் குவிகிறது. நடுவில் என்ன நடந்தது?

கோளாறு இரண்டு. ஒன்று, மண்ணின் புளிப்பு. பி.எச். 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். அது வேர்நுனியைத் தாக்கும். வேர் கட்டையாகி நின்றுவிடும். இரண்டு, செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுகப் பிடித்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்காது. இளம் சோளத்தின் இலை ஊதாவாக மாறுவது அந்தப் பசிக்கு அடையாளம்.

சரி, உரத்தை அள்ளிக் கொட்டினால் போதாதா? போதாது. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போகணும். கட்டை வேர் எங்கே தேடும்? போட்ட காசு மண்ணுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

அதனால்தான் சுண்ணாம்பு முதலில். அரைத்த சுண்ணாம்புக்கல் புளிப்பை முறிக்கும். அலுமினியம் கரையாத பொருளாகிப் படிந்துவிடும். ஆனால் இது மெதுவாகத்தான் வேலை செய்யும். விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஈரமண்ணில் கலந்துவிடணும். அடிமண்ணுக்கு ஜிப்சம்: அது பி.எச்.சை அதிகம் மாற்றாது, ஆனால் மழைநீரோடு கீழே இறங்கி அலுமினியத்தின் நஞ்சைக் குறைக்கும். அப்புறம் மணிச்சத்து, விதைக்குப் பக்கத்திலேயே வரிசையாக.

இந்த வழியை 1950களில் தேடத் தொடங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான காலின் மெக்லங். பின்னர் பிரேசிலின் எட்சன் லோபாட்டோ, அமைச்சராயிருந்த அலிசன் பாவுலினெல்லி. மூவருக்கும் 2006ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இரண்டு எச்சரிக்கை. சுண்ணாம்பு கூடினால் துத்தநாகமும் மாங்கனீசும் பயிருக்கு எட்டாமல் போகும். ஏற்கெனவே காரமான கரிசலுக்கு இந்த வைத்தியமே ஆகாது. மண் பரிசோதனை இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீங்க.

இன்னொன்று: செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறக்குறைய பாதி இப்போது இல்லை. மண்ணைத் திருத்தத் தெரிந்துகொண்டோம். எங்கே நிறுத்துவது என்பதை எந்த மண் பரிசோதனையும் சொல்லாது.