உதைத்தால்தான் ஓட வழி பிறக்கும்

பெத்தாங் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு வழிதான். கையிலிருக்கும் இரும்புக் குண்டை மெல்ல உருட்டி இலக்காக வைத்த சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். இல்லாவிட்டால் எதிரணியின் குண்டைக் குறிபார்த்து அடித்து விரட்டலாம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த இந்த ஆட்டம் இன்றும் இங்கே மணல்தரையில் ஆடப்படுகிறது. உருட்டுவது உயர்ந்ததா, அடிப்பது உயர்ந்ததா என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. தரையில் குண்டுகள் கிடக்கும் கிடையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் அதே பிரான்சின் இன்னொரு பெரிய ஆட்டமான ரக்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நியாயம் மாறிவிடுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதுதான் அழகு, அதுதான் வீரம். காலால் உதைத்து எதிரிக்கே திருப்பிக் கொடுப்பது பயம். இந்த எண்ணம் பார்வையாளர்களிடம் மட்டுமல்ல, பயிற்சி கொடுப்பவர்கள் பலரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. ஓட்டத்தை நேசிக்கிறவர்கள்தான் முதலில் உதைக்காகப் பேச வேண்டும் என்பது என் வாதம்.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் எட்டுப் பேர் முன்வரிசை. முட்டி மோதிப் பந்தை மீட்டுத் தருவது அவர்கள் வேலை. மீதி ஏழு பேர் பின்வரிசை: ஸ்க்ரம் ஹாஃப், ஃப்ளை ஹாஃப், இரண்டு சென்டர், இரண்டு விங், கடைசியில் காவல் நிற்கும் ஃபுல்பேக். பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, பக்கத்தில் இருப்பவருக்கு எறிவதா, உதைப்பதா என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டியவர்கள் இவர்கள். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ‘ட்ரை’. இந்தப் பெயரே ஒரு பழைய உண்மையைச் சொல்கிறது. ஆரம்பக் காலத்தில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க, அதாவது முயன்று பார்க்க, அது ஓர் உரிமையைத் தந்தது, அவ்வளவுதான். கோல் போட்டது கால்தான். பிறகு ட்ரைக்குப் புள்ளி வந்தது, ஏறிக்கொண்டே போனது. 1971-ல் மூன்று நான்கானது, 1992-ல் நான்கு ஐந்தானது. காலில் பிறந்த ஆட்டத்தைக் கைப்பக்கம் சாய்க்கச் சட்டம் நூறு ஆண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறது. அப்படியும் உதை ஒழியவில்லை என்றால், சோம்பேறித்தனம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

ஓட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் முதலில் காட்டும் சாட்சி பிரான்ஸ்தான். காட்டுவதற்கு நியாயமும் இருக்கிறது. 1994 ஜூலை 3, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம், ஈடன் பார்க் மைதானம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, பிரான்ஸ் 16-20 என்று பின்தங்கி நிற்கிறது. தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைப் பிடித்த ஃபிலிப் செந்தாந்த்ரே, எல்லைக்கு வெளியே உதைத்து மூச்சுவிடாமல், நேராக ஓடத் தொடங்கினார். பந்து கை மாறிக் கை மாறி, முன்வரிசை பின்வரிசை என்ற பேதமில்லாமல் மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து, கடைசியில் ஜான்லுக் சதூர்னி கையில் போய் ட்ரை ஆனது. 23-20. உலகத்தின் கடைக்கோடியில் போட்ட ட்ரை என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதற்குப் பெயர் சொல்கிறார்கள். அந்தச் சங்கிலியில் எமில் ந்தாமாக் என்பவரும் இருந்தார். அந்தக் குடும்பப் பெயர் பின்னால் மறுபடி வரும். ஆனால் செந்தாந்த்ரே கைக்குப் பந்து எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நியூசிலாந்து நீளமாக உதைத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டாமல் உள்ளேயே விழுந்தது. உதைத்தவர்கள் வெறுமனே தூரத்துக்காக உதைத்தார்கள்; எதிரே சிதறி நின்ற இடைவெளிகளை அந்த உதையே பிரான்சுக்குத் திறந்துவிட்டது.

ஐந்து ஆண்டு கழித்து நடந்தது இன்னும் அழுத்தமான சாட்சி. 1999 அக்டோபர் 31, லண்டன் ட்விக்கன்ஹாம், உலகக் கோப்பை அரையிறுதி. ஜோனா லோமு இரண்டு ட்ரை போட்டு, இடைவேளைக்குப் பின் நியூசிலாந்து 24-10 என்று முன்னால் நிற்கிறது. அங்கிருந்து பிரான்ஸ் தொடர்ந்து 33 புள்ளி எடுத்து 43-31 என்று ஜெயித்தது. பிரெஞ்சு ஓட்டத்தின் உச்சம் என்று இந்த ஆட்டத்தைக் கொண்டாடாதவர்கள் இல்லை. படத்தைப் போட்டு நிதானமாகப் பாருங்கள். முதலில் கிறிஸ்தோஃப் லமேசோன் பந்தைத் தரையில் தட்டி உதைத்து இரண்டு டிராப் கோல் போடுகிறார், பெனால்டிகளும் சேர்கின்றன. அடுத்து ஸ்க்ரம் ஹாஃப் தடுப்பு வரிசைக்கு மேலே பந்தை உதைத்து அனுப்ப, அது துள்ளி எழுந்த இடத்தில் கிறிஸ்தோஃப் தொமினிசி பாய்ந்து எடுத்து ஓடி ட்ரை. அதற்கடுத்து லமேசோன் மெல்லத் தூக்கிவிட்ட பந்தை ரிஷார் தூர்த் பிடித்து ட்ரை. கடைசியில் தவறிய பந்தைக் காலால் தள்ளிக்கொண்டு போக, ஃபிலிப் பெர்னா-சால் துரத்திப் பிடித்து ட்ரை. இடைவேளைக்குப் பின் வந்த மூன்று ட்ரைகளுக்கும் வாசல் திறந்தது கால். ஓடியவர்களின் வேகம் நிஜம்தான். ஆனால் அவர்கள் ஓடியது உதை வெட்டிக்கொடுத்த பாதையில். அன்று தொமினிசிக்காகப் பந்தை உதைத்த ஸ்க்ரம் ஹாஃப் ஃபபியான் கல்தியே. 2019 உலகக் கோப்பை முடிந்த பிறகு பிரான்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானவரும் அவரே. அவர் காலத்துப் பிரான்ஸ் அளவுக்கு மீறி உதைக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கு 1999-ஐத்தான் நினைவூட்ட வேண்டும்.

இது ஏன் இப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மைதானத்தின் அகலம் அதிகபட்சம் 70 மீட்டர். உதைக்கவே மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் எதிரணி ஒருவரை மட்டும் பின்னால் விட்டுவிட்டுப் பதினான்கு பேரை வரிசையில் நிறுத்தலாம். ஆளுக்கு ஐந்து மீட்டர். இரண்டு எட்டில் பக்கத்து இடைவெளியை அடைத்துவிடும் தூரம் அது. நல்ல உதைகாரர் ஒருவர் எதிரே நின்றால் நிலைமை மாறும். இரண்டு விங்கும் ஃபுல்பேக்கும் பின்வாங்கி நிற்க வேண்டும், முன்னால் பன்னிரண்டு பேர்தான். ஆளுக்கு ஏறத்தாழ ஆறு மீட்டர். அந்தக் கூடுதல் ஒரு மீட்டரில்தான் விங் புகுந்து போகிறார். 2021-ல் சோதனையாகக் கொண்டுவரப்பட்டு நிலைத்துவிட்ட 50:22 விதியின் உள்நோக்கமும் இதுவே. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு, எதிரியின் 22 மீட்டர் பகுதியில் எல்லைக்கு வெளியே போனால், அங்கிருந்து பந்தை உள்ளே எறியும் உரிமை உதைத்த அணிக்கே. உதைக்குப் பரிசு வைத்தால் காவலர்கள் பின்னே போவார்கள், முன்னே ஓட இடம் கிடைக்கும் என்பதே விதி செய்தவர்களின் கணக்கு.

அப்படியானால் உதைத்து உதைத்தே ஆட்டத்தைக் கொன்ற கதைகள்? உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. 1963 பிப்ரவரியில் எடின்பரோவின் மரேஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக வேல்ஸ் அணித் தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்து கிடைத்த போதெல்லாம் எல்லைக்கு வெளியே உதைத்தார். வெளியே போன பந்தை உள்ளே எறியும் ‘லைன் அவுட்’ அன்று மட்டும் 111 முறை. வேல்ஸ் 6-0 என்று ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் தோற்றார்கள். அதே மைதானத்தில் 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தும் பிரான்சும் மாறி மாறி உதைத்துக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு அணி ஆட்களும் சிலைபோல் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் இரண்டு நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டது. சொந்தக் கோட்டை ஒட்டிய பகுதிக்கு வெளியிலிருந்து நேராக எல்லைக்கு உதைத்தால் தூர லாபம் கிடையாது என்று 1970 வாக்கில் சட்டம் மாறியது. முன்னால் சும்மா நிற்பவர்கள் தானாக ஆட்டத்துக்குள் வந்துவிடும் ஓட்டையை 2024 ஜூலையில் அடைத்தார்கள். குற்றம் நின்றுகொண்டிருந்த கால்களுடையது. உதைத்த பின் துரத்த ஆளில்லையென்றால் அது தானமாகக் கொடுத்த பந்து; அதை ஆதரித்து நான் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரி புள்ளி எடுக்க முடியாதே, அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கால்பந்து பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி. புதுச்சேரியில் இதைத்தான் அதிகம் கேட்பார்கள். ரக்பியில் பந்தை வைத்திருப்பதே ஆபத்தான இடங்கள் உண்டு. சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடிபட்டு, பந்தை விடத் தாமதித்தால் பெனால்டி. மூன்று புள்ளி போய்விடும். அதோடு, உயர உதைத்த பந்து இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. ஸ்க்ரம் ஹாஃப் குனிந்து பந்தை எடுத்து, முனை கீழ்நோக்கிச் சாய, கால்மேட்டில் விழும்படி கையிலிருந்து நழுவவிட்டு மேல்நோக்கி உதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து நான்கு நொடி அந்தரத்தில் நின்றால், அது ஏறத்தாழ இருபது மீட்டர் உயரம் போயிருக்கிறது. நொடிக்கு ஏழு மீட்டர் ஓடும் விங் அதற்குள் 28 மீட்டர் ஓடிவிடுவார். ஆக, 28 மீட்டர் தூரத்தில் விழும் உதை இரண்டு அணிக்கும் பொதுவான பந்து. முப்பத்தைந்து மீட்டர் போனால் எதிரிக்குப் பரிசு. தூரம் கூடக்கூட உதை கெட்டுப்போகிறது என்ற இந்த விஷயம் புதிதாக ஆடுகிறவர்களுக்குப் புரிவதற்கு நாளாகிறது. 2025 ஆறு நாடுகள் போட்டியில் பிரான்ஸ் 30 ட்ரை போட்டுச் சாதனை படைத்துக் கோப்பையையும் எடுத்தது. எட்டு ட்ரை போட்ட லூயி பியேல்-பியாரே டப்ளினில் தானே உதைத்து, தானே துரத்தி, தானே ஊன்றினார். அந்த ஓட்டத்தை உதையிலிருந்து பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

ஓட்டத்துக்கு உதை துணை என்றால், உதைக்கு ஓட்டம் துணை. 2021 நவம்பரில் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள ஸ்தாத் தெ ஃப்ரான்ஸ். பிரான்ஸ் முன்னே வைத்திருந்த பெரிய இடைவெளி கரைந்து, நியூசிலாந்து இரண்டே புள்ளி பின்னால் நிற்கிறது. பந்து பிரான்சின் கோட்டுக்கும் பின்னால் உருண்டு வருகிறது. எடுத்தவர் எமிலின் மகன் ரோமான் ந்தாமாக். அந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பந்தைத் தரையில் ஊன்றிவிடுவார்கள், அல்லது கண்ணை மூடி உதைப்பார்கள். துரத்தி வந்தவர்களும் அதற்குத்தான் தயாரானார்கள். ரோமான் ஒரு கணம் நின்று, இடுப்பைத் திருப்பி ஒருவரைத் தாண்டி, திறந்த இடத்தில் ஓடத் தொடங்கினார். பந்து மறுபாதிக்குப் போய்ப் பெனால்டி வாங்கியது, நியூசிலாந்தில் ஒருவர் மஞ்சள் அட்டையோடு வெளியேறினார், பிரான்ஸ் 40-25 என்று ஜெயித்தது. உதைக்கத் தெரியாதவர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் அந்த ஓட்டம் பலித்திருக்காது. உதைப்பார் என்று எதிரி நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் ஏமாற வேண்டியது.

இந்தியாவுக்கு ரக்பி புதிதல்ல. 1870-களில் கல்கத்தாவில் ஒரு சங்கம் கலைந்தபோது, கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றன. கைப்பிடி மூன்றும் நாகம், மூடியில் யானை. இன்று நம் பிள்ளைகள் ரக்பியை அதிகமும் ஏழு பேர் ஆட்டமாகவே பார்க்கிறார்கள். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கும் அதுவே. அதில் கோப்பை வாங்கியது சென்னை புல்ஸ். ஏழு பேர் அதே 70 மீட்டர் அகலத்தைக் காக்கும்போது ஆளுக்குப் பத்து மீட்டர். அங்கே ஓடுவதே சரி. உதைக்காதே என்று பயிற்சியாளர் சொல்வது அந்த வடிவத்துக்குப் பொருந்தும். கபடியில் ஏறிப்பாடி ஊறிய உடம்புக்கு அது இயல்பாகவும் வரும். பதினைந்து பேர் ஆட்டத்துக்குள் அதே பழக்கத்தோடு போனால், ஐந்து மீட்டர் இடைவெளியில் முட்டி முட்டிக் களைப்பதுதான் நடக்கும். பிரான்சின் ஸ்க்ரம் ஹாஃப் அந்துவான் துபோன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆட்டத்தில் ஓடியே தங்கம் வாங்கினார். பதினைந்து பேர் ஆட்டத்தில் அதே மனிதர் இரண்டு காலாலும் உதைக்கிறார். நம் பெண்கள் அணிக்கும் இது அனுபவம்தான். 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது இந்தியப் பெண்களின் முதல் பதினைந்து பேர் ஆட்ட வெற்றி; இறுதிக் கட்டத்தில் கைகொடுத்தது சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டி.

புதுச்சேரியில் ஒரு சிறுவன் ரக்பிப் பந்தை முதன்முதலாகத் தொடும்போது அவன் காலுக்கு ஏற்கனவே கால்பந்து தெரியும். அந்தக் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஓடு ஓடு என்று மட்டும் விரட்டுவது கையிலிருக்கும் காசைத் தொலைப்பது மாதிரி. முட்டை வடிவப் பந்து எப்படித் துள்ளும் என்று கால்பந்து ஆடிய காலுக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு மாதத்தில் பிடிபடும். பயிற்சியை இரண்டு இரண்டு பேராகத் தொடங்கலாம். ஒருவன் உதைக்க வேண்டும், இன்னொருவன் பந்து கீழே வருவதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். அவன் போய்ச் சேரவில்லையென்றால், அடுத்த உதை ஐந்து மீட்டர் கிட்டே.