மகளை இழந்த இயக்குநருக்கு ரசிகர்கள் மீட்டுத் தந்த 4 மணி நேரப் படம்! - ‘ஸ்னைடர் கட்’ உருவான கதை

ஒரு படம் ஏமாற்றிவிட்டால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? மீம் போடுவார்கள், திட்டித் தீர்ப்பார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படத்துக்குப் போய்விடுவார்கள். 2017 நவம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ பார்த்த ஸாக் ஸ்னைடர் ரசிகர்கள் மட்டும் அப்படி விட்டுவிடவில்லை. எங்கள் இயக்குநர் எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்று இரண்டரை வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வாங்கியும் விட்டார்கள்.

‘300’, ‘வாட்ச்மென்’, ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படங்களை எடுத்தவர் ஸ்னைடர். சூப்பர் ஹீரோக்களை நம்ம ஊர் புராண நாயகர்கள் மாதிரி பிரமாண்டமாகவும் சோகமாகவும் காட்டுவது அவர் பாணி. ஸ்லோ மோஷனும் இருண்ட நிறங்களும் சிலருக்கு அலுப்பு. ரசிகர்களுக்கோ அதுதான் உயிர்.

சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் எல்லோரும் ஒன்றுசேரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான், 2017 மார்ச்சில் அவரது 20 வயது மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு மாதம் வேலையில் மூழ்கித் துக்கத்தை மறக்கப் பார்த்தார் ஸ்னைடர். முடியவில்லை. மே மாதம் படத்திலிருந்து விலகிக் குடும்பத்தோடு இருந்துவிட்டார்.

‘அவெஞ்சர்ஸ்’ இயக்குநர் ஜாஸ் வீடன் மீதி வேலையை எடுத்துக்கொண்டார். பல காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன, காமெடி சேர்ந்தது, படம் 2 மணி நேரமாகச் சுருங்கியது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அப்போது ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை கிராபிக்ஸில் அழித்ததில் மேலுதடு விநோதமாகத் தெரிய, உலகமே கேலி செய்தது. ஸ்னைடர் இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி டெபோராவும், தயாரிப்பில் பங்கெடுத்த கிறிஸ்டோபர் நோலனும் பார்த்துவிட்டு, ‘நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது’ என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கேதான் ரசிகர்களின் வேலை ஆரம்பம். ‘ரிலீஸ் தி ஸ்னைடர் கட்’ என்ற ஹேஷ்டேக் பிறந்தது. ஆன்லைன் மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2019-ல் சான் டியாகோ காமிக் கான் விழாவின்போது விமானத்தில் பேனர் கட்டி வானத்தில் பறக்கவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் படத்தில் நடித்த பென் அஃப்லெக்கும் கல் கடோட்டும் அந்த ஹேஷ்டேக்கைப் பகிர, ஸ்டூடியோவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

2020 மே மாதம், லாக்டவுன் நேரம். ரசிகர்களோடு ஆன்லைனில் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ பார்த்த ஸ்னைடர், தன் வடிவம் வெளியாகப் போவதாக அறிவித்தார். முடியாமல் கிடந்த கிராபிக்ஸ் உள்ளிட்ட வேலைகளுக்காகச் சுமார் 7 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. ஸ்னைடர் சம்பளம் வாங்கவில்லை.

2021 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ மேக்ஸ் தளத்திலும், அதே நாளில் இந்தியாவில் புக் மை ஷோ ஸ்ட்ரீம் தளத்திலும் வந்த அந்தப் படம் 4 மணி 2 நிமிடம் ஓடுகிறது. நீளம் மட்டும் மாறவில்லை. 2017 படத்தில் ஓரமாக வந்துபோன சைபார்க், இதில் படத்தின் இதயம். விபத்தில் உடல் சிதைந்த மகனைப் பாதி இயந்திரமாக்கிக் காப்பாற்றும் அப்பா, அந்த அப்பாவை மன்னிக்க முடியாத மகன். உலகைக் காக்கும் முயற்சியில் அந்த அப்பா மகன் கண்ணெதிரே உயிரை விடும் காட்சி பழைய படத்தில் இல்லவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் இதை முடித்திருக்கிறார் என்று தெரிந்து பார்க்கும்போது கண் கலங்காமல் இருக்க முடியாது. படம் முடிந்ததும் திரையில் வருவது அந்த மகளின் பெயர். இந்தப் படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஸ்டூடியோ அதிகாரிகளையும் விமர்சகர்களையும் ஆன்லைனில் மிரட்டினார்கள், ஆபாசமாகத் திட்டினார்கள். இந்த இயக்கம் பற்றிப் பதிவிட்ட கணக்குகளில் குறைந்தது 13 சதவிகிதம் போலி என்று வார்னர் மீடியா நிறுவனத்துக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை சொன்னதாக, 2022-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் எழுதியது. ஓர் இயக்குநரைப் பிடிக்கும் என்பதற்காக இன்னொருவரைக் காயப்படுத்துவது அன்பில் சேராது.

ஆனால், பெயரைக்கூட வெளியே சொல்லாத பலர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. டி-ஷர்ட் விற்றும் நன்கொடை திரட்டியும் அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளைக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அப்போதைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கும் அதிகம். தங்களுக்குப் பிடித்த இயக்குநரின் துக்கத்தைப் புரிந்துகொண்டு, அப்படியொரு துக்கம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைத்தவர்களின் பணம் அது.

படம் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நாலு மணி நேரமா என்று பாதியில் அணைத்துவிடுபவர்களும் உண்டு. அந்தப் பணத்தால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளை பிழைத்திருந்தால், சூப்பர் ஹீரோ படத்தின் ரசிகராக இருந்ததற்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்?

(மனம் தளர்ந்திருந்தாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ தயங்காமல் பேசுங்கள். தமிழக சுகாதார உதவி எண்: 104, டெலி மானஸ்: 14416)