ஈயக் குழாயும் ஆட்சிப் பொறுப்பும்

உரோமப் பேரரசு உருவாகிய காலத்தில் வாழ்ந்த விற்றுரூவியஸ் என்னும் கட்டடக்கலை அறிஞர், குடிநீரை ஈயக் குழாய்களிற் கொண்டுவருவது உடலுக்குத் தீங்கென்று எழுதிவைத்தார். அதற்கு அவர் காட்டிய சான்று மிக எளிமையானது. ஈயம் உருக்கும் தொழிலாளரின் மேனி வெளிறிப்போவதை அவர் கண்டார். மண்குழாயே மேலானது என்று முடிவு செய்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்திலேறிய உண்மை இது. எனினும், உலகின் செல்வம் மிகுந்த நாடாகிய ஐக்கிய அமெரிக்காவில், பிளின்ற் என்னும் நகரத்து மக்கள் 2014ஆம் ஆண்டு முதல் ஈயங் கலந்த நீரைப் பருக நேர்ந்தது. ஈயத்தின் தீமையை அறியாத காரணத்தால் இது நிகழவில்லை. அறிந்த உத்தியோகத்தர்கள், அந்நீரைக் குடிப்போருக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமின்றி அமர்ந்திருந்தமையாலேயே நிகழ்ந்தது.

வாக்கிழந்த நகரம்

மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள பிளின்ற், மோட்டார் வாகனத் தொழிலின் பிறப்பிடங்களுள் ஒன்று. 1908இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அங்கேதான் தோன்றியது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தின் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்த புகழுடையது. 1960 அளவில் அந்நகரின் குடித்தொகை இரண்டு இலட்சத்தை எட்டும் நிலையில் இருந்தது. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வசதி படைத்தோர் வெளியேறினர். 2014இல் எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர்; அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள்; ஐந்தில் இரண்டு பங்கினர் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர்.

வரி வருமானம் குன்றிய நகரம் கடனில் மூழ்கியது. 2011இல் மாநில அரசு அதன் நிருவாகத்தைத் தன் கையில் எடுத்து, 'அவசரகால நிர்வாகி' ஒருவரை நியமித்தது. மக்கள் தெரிவுசெய்த நகரபிதாவும் நகரசபையும் பெயரளவில் இருந்தனர். முடிவெடுக்கும் அதிகாரம் நிர்வாகியிடம் சென்றது. இந்த அதிகாரத்தை வழங்கிய சட்டத்தை 2012 நவம்பரில் மிச்சிக்கன் வாக்காளர் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தனர். அடுத்த மாதமே மாநிலச் சட்டசபை அதனை ஒத்த வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதில் நிதி ஒதுக்கீடொன்றும் சேர்க்கப்பட்டிருந்தமையால், மீண்டும் வாக்கெடுப்புக் கோரும் வழியும் மக்களுக்கு அடைபட்டது. பின் நிகழ்ந்த துன்பத்துக்கெல்லாம் வாயில் இங்கேயே திறந்தது எனலாம்.

குழாயின் உட்சுவர்

பிளின்ற் நகரம் 1967 முதல் டெற்றொயிற் நகரத்திடமிருந்து நீர் வாங்கி வந்தது. அது ஹியூரன் ஏரியின் நீர். செலவைக் குறைக்கும் பொருட்டு ஏரியிலிருந்து வேறொரு குழாய்வழி அமைக்கும் திட்டம் எழுந்தது. அது முடிவுறும் வரை நகரின் நடுவே ஓடும் பிளின்ற் ஆற்றின் நீரைப் பயன்படுத்துவதென நிர்வாகி தீர்மானித்தார். 2014 ஏப்பிரல் 25ஆம் நாள் நகரபிதா பொத்தானை அழுத்த டெற்றொயிற் நீர் நின்றது. கூடியிருந்தோர் ஆற்று நீரைக் கிண்ணங்களில் ஏந்தி வாழ்த்துக் கூறிப் பருகினர்.

நச்சின் காரணத்தை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். ஆற்று நீரில் ஈயம் இருக்கவில்லை. வீதியின் பெருங்குழாயிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் இணைப்புக் குழாய்களிலேயே அது இருந்தது. பழைய அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அக்குழாய்கள் ஈயத்தாலானவை. புதிதாக ஈயக் குழாய் பதிப்பதை அந்நாடு 1986இலேதான் தடைசெய்தது. டெற்றொயிற் நகரம் தன் நீரிற் சிறிதளவு பொசுபேற்றுச் சேர்த்துவந்தது. அது குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயம் நீரிற் கரையாமற் காத்தது. பிளின்ற் ஆற்று நீரோ குளோரைட்டு மிகுந்தது, உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. அதற்கு அரிப்புத் தடுக்கும் மருந்து இன்றியமையாதது. மத்திய அரசின் விதியும் அதையே வற்புறுத்தியது. எனினும், முதலிற் பன்னிரண்டு மாதம் நீரைச் சோதித்துப் பார்க்கலாம், அதுவரை மருந்து வேண்டியதில்லை என்று மாநிலச் சுற்றாடல் இலாகா நகரத்துக்கு அறிவுறுத்தியது. பல்லாண்டுகளாகப் படிந்திருந்த காப்புப் படலம் சில மாதங்களில் உரிந்துபோயிற்று.

இயந்திரத்துக்குக் கிடைத்த நீதி

மாற்றம் நிகழ்ந்த சில வாரங்களிலேயே மக்கள் முறையிடத் தொடங்கினர். நீர் பழுப்பாக வந்தது, நாறியது, குளித்தவரின் தோல் தடித்தது. ஓகத்து, செப்டெம்பர் மாதங்களில் நீரில் நோய்க்கிருமி காணப்பட்டதால், கொதிக்கவைத்துக் குடிக்குமாறு அறிவித்தல் விடப்பட்டது. கிருமியைக் கொல்ல இட்ட குளோரீனின் விளைபொருள்கள் சட்ட வரம்பைக் கடந்தன.

ஒக்டோபர் மாதத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தனது இயந்திர உறுப்புகள் அந்நீரால் அரிக்கப்படுகின்றன என்று முறையிட்டது. அதன் ஆலை ஏரி நீருக்கு மாற அனுமதி கிடைத்தது. 2015 சனவரியில் நகரிலுள்ள மாநில அரசின் அலுவலகத்துக்கு வேறு குடிநீர் வருவிக்கப்பட்டது. அதே மாதம் டெற்றொயிற் நகரம், கட்டணமின்றியே மீண்டும் இணைப்புத் தருவதாகக் கூறியது, நிர்வாகி மறுத்தார். மார்ச்சு மாதத்தில் நகரசபை, ஏழு வாக்குக்கு ஒரு வாக்காக, ஆற்று நீரைக் கைவிடத் தீர்மானித்தது. அத்தீர்மானம் விளங்கிக்கொள்ள முடியாதது என்று கூறி நிர்வாகி அதனை ஒதுக்கினார். ஆலையின் எஃகு ஆறு மாதத்திற் பெற்ற நிவாரணத்துக்கு நகரத்தின் குழந்தைகள் மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆலைக்குத் தன் குரலைக் கேட்பிக்கும் ஆற்றல் இருந்தது. மக்களுக்கு அவ்வாற்றலைத் தரவேண்டிய நகரசபையோ கையறுந்து நின்றது.

அளந்தறிந்தவர்கள்

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் அதிகாரப் படிக்கட்டின் கீழே நின்றவர்கள். லீஆன் வோல்ற்றர்ஸ் என்ற தாய் தன் பிள்ளைகளின் உடல்நிலை கண்டு வீட்டு நீரைச் சோதிப்பித்தார். மத்திய அரசு நடவடிக்கை கோரும் எல்லை, நூறு கோடிப் பங்கு நீரில் 15 பங்கு ஈயம். அவர் வீட்டில் முதலில் 104 பங்கும், அடுத்த சோதனையில் 397 பங்கும் காணப்பட்டன. மத்திய அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மிகுவேல் டெல் டொரல், அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கப்படவில்லை என்பதைக் கண்டு, 2015 யூன் மாதத்தில் எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். மாநில அலுவலரோ மக்கள் கவலையின்றி இருக்கலாம் என்று வானொலியிற் கூறினர்.

நகரின் உத்தியோகபூர்வச் சோதனைக்கு அவ்வாண்டு 71 மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஈயம் மிகுந்த இரண்டு மாதிரிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுளொன்று வோல்ற்றர்ஸ் வீட்டினது. நீக்கியதும் நகரம் சட்ட வரம்புக்குள் அடங்கிற்று. வேர்ஜினியா தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வேர்ட்ஸ், அந்நகர மக்களோடு சேர்ந்து, வீடுவீடாக 300 போத்தல் தொகுதிகளை வழங்கினார். 250க்கு மேற்பட்டவை நீர் நிரப்பித் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றின் முடிவு அரசாங்கக் கணக்கைப் பொய்யாக்கியது.

2015 செப்டெம்பரில் மோனா ஹன்னா-அத்திஷா என்ற குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை ஒப்பிட்டு வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இரத்தத்தில் ஈயம் மிகுந்தோர் தொகை நூற்றுக்கு 2.4இலிருந்து 4.9 ஆக உயர்ந்திருந்தது. வறிய பகுதிகளில் உயர்வு இன்னும் கூடுதல். தொகை சிறிது போலத் தோன்றும். ஆனால், ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை. அது சுண்ணாம்புச் சத்தைப் போலப் பாவனை செய்து உடலுட் புகும். எலும்பிற் பல ஆண்டு தங்கும். வளரும் மூளையின் கற்கும் ஆற்றலைக் குறைக்கும். மருத்துவரின் கணக்கை முதலிற் பழித்த மாநில அரசு, சில நாட்களில் தன் சொந்தப் பதிவுகளும் அதையே கூறக் கண்டு பணிந்தது. ஒக்டோபர் 16ஆம் நாள் டெற்றொயிற் நீர் மீண்டது.

தீர்ப்பும் மிச்சமும்

2016 சனவரியில் மாநில ஆளுநர் றிக் சினைடர் அவசரநிலை அறிவித்து, மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். அவர் நியமித்த விசாரணைக் குழுவே அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் முதன்மைப் பொறுப்பை மாநில அரசின் மீது சுமத்தியது. அதே காலத்திற் பரவிய லீஜனேயர் எனும் நுரையீரற் காய்ச்சலால் குறைந்தது பன்னிருவர் இறந்திருந்தனர். வழக்குகள் தொடரப்பட்டன. 2021இல் முன்னாள் ஆளுநர் உட்பட ஒன்பது பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. தனியொரு நீதிபதி இரகசியமாக விசாரித்துக் குற்றஞ்சாட்டிய முறை செல்லாதென 2022இல் மாநில உயர்நீதிமன்றம் தீர்த்தது; 2023இல் வழக்குகள் முடிவுற்றன. ஒருவரேனும் சிறை செல்லவில்லை. 62 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை 2021இல் மத்திய நீதிமன்றம் ஏற்றது. அதன் பெரும்பகுதி அக்காலத்திற் சிறுவராயிருந்தோர்க்குரியது. ஈயக் குழாய்களை அகற்றும் நீதிமன்றக் கட்டளையின் கீழான பணி நிறைவெய்தியது 2025ஆம் ஆண்டிலே.

குழாயை மாற்றலாம், எலும்பிற் படிந்த ஈயத்தை அவ்வாறு மாற்றுதல் இயலாது. அந்நீரிற் கரைத்த பாலைப் போத்தலிற் குடித்த குழந்தைகள் இன்று பள்ளிக்கூட வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் எத்துணை இழப்பு நேர்ந்ததென்று தனித்தனியே அளந்து சொல்லும் கருவி எதுவுமில்லை. இத்தகைய தீங்குக்குத் தண்டனை பின்னர் வந்து ஈடுசெய்ய மாட்டாது. முன்னரே தடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

வரவுசெலவைச் சீராக்க வந்தவருக்கு நீரும் ஓர் எண்ணாகவே தோன்றியது. அவரைத் தட்டிக் கேட்கவும், வேண்டுமாயின் விலக்கவும் அந்நீரைக் குடிப்போருக்கு உரிமை இருந்திருந்தால், 2015 மார்ச்சு மாதத்து நகரசபைத் தீர்மானமே ஆற்று நீரை நிறுத்தியிருக்கும். தேர்தலும் சபையும் காலத்தையும் பணத்தையும் வீணாக்குவன என்று சலிப்போர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் பிளின்ற் நகரம் மிச்சப்படுத்த எண்ணிய ஐம்பது இலட்சம் டொலரையும், ஈற்றிற் கொடுத்த விலையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.