குடிக்கூலி வீட்டின் கழிகலமும் பாலாற்றங்கரை நீரும்

மாந்தர் உடலினின்று நீங்கும் கழிவை ஏற்று, அதனை நீரின் விசையால் அகற்றி, அகற்றிய வழியே தீநாற்றமும் நோய் நுண்ணுயிரும் மீண்டு வாராதவாறு நீராலேயே அடைத்து நிற்கும் கருவி கழிகலம் எனப்படும். இவ்வரையறையுள் ஏற்றல், அகற்றல், அடைத்தல் என மூன்று வினைகள் அடங்கியுள்ளன. ஏற்பதற்குக் கலமும், அகற்றுவதற்கு அலசுநீரும், அடைப்பதற்கு வளைகுழலும் வேண்டும். வடிவம் நோக்கிக் குந்துகலம், அமர்கலம் என இரண்டாகப் பகுப்பது கடைக்காரர் வழக்கம். குடிக்கூலிக்கு விடும் வீட்டைக் கட்டுவோர்க்கு அப்பகுப்புப் போதாது. இக்கருவியுள் அசையும் உறுப்புகள் எத்தனை என்பதே அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அசையாத உறுப்புத் தேய்வதில்லை. தேயாத உறுப்பு எளிதில் பழுதாவதில்லை. இந்நெறிப்படி கழிகலன்களை மூன்று படிகளில் நிறுத்தலாம். வாளியிலிருந்து முகந்து ஊற்றும் குந்துகலம் முதற்படி. அதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. சைபன் எனப்படும் கவிகுழல் பொருந்திய அலசுதொட்டியோடு கூடிய கலம் இரண்டாம் படி. நீரை மேலெழுப்பும் தூக்கியும், நீர்வரவை நிறுத்தும் மிதவையுமே அதில் அசைவன. அழுத்துபொத்தானும் இரப்பர் அடைப்பிதழும் கொண்டு, சிறு அலசலுக்கு 3 இலிட்டரும் பேரலசலுக்கு 6 இலிட்டரும் விடும் இருநிலைத் தொட்டி மூன்றாம் படி. அதனையே சுவருக்குள் மறைத்துக் கட்டுவது அதன் உட்பிரிவு. தன் வீட்டில் வாழ்பவர் இவற்றுள் எதையும் விரும்பிக் கொள்ளலாம். பழுதின் முதல் ஓசையைக் கேட்பவரும் அதனைச் செப்பனிடுபவரும் அவரே. குடிக்கூலி வீட்டிலோ ஓசையைக் கேட்பவர் ஒருவர், செலவு செய்பவர் வேறொருவர். வீட்டார் வேறு தெருவிலோ வேறு ஊரிலோ வாழ்வார். குடியிருப்போர் ஆண்டுதோறும் மாறுவர். முன்னவர் அறிந்த கைப்பக்குவத்தைப் பின்னவர் அறியார். ஆதலின் பயன்படுத்துவோரின் பழக்கத்தை நம்பாமல், தன் அமைப்பினாலேயே பிழையாது நிற்கும் கருவியே அவ்வீட்டுக்கு உரியது.

வளைகுழலின் அமைப்பு இதற்கு நல்ல சான்று. 1775-ஆம் ஆண்டில் இலண்டனில் மணிப்பொறி செய்து வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங், கலத்தின் அடியில் குழாயை வளைத்து, அவ்வளைவில் எஞ்சி நிற்கும் நீரையே நாற்றத்துக்குத் தடையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்நீரடைப்புக்குத் தாழும் வேண்டா, மூடியும் வேண்டா. நீர் தானே நின்று அடைக்கிறது, தள்ளும்போது தானே விலகுகிறது, மீண்டும் தானே நிற்கிறது. அமர்கலங்களில் இந்நீரடைப்பின் ஆழம் 50 மில்லிமீட்டர்; குறைந்த நீரால் இயங்க வேண்டிய ஊற்றுகலங்களில் 20 மில்லிமீட்டர் போதும் எனக் கொள்வர். ஆயினும் இவ்வடைப்புக்கு ஒரு குறை உண்டு. வீடு பல கிழமைகள் ஆளின்றிக் கிடந்தால், அதிலும் வேலூர்க் கோடையில், வளைவிலுள்ள நீர் ஆவியாகி அடைப்பு நீங்கிவிடும். புதுக்குடி வரும் நாளில் வீடெங்கும் பரவும் நாற்றத்தைக் குழாய் உடைப்பு என்றெண்ணித் தரையைப் பெயர்ப்போர் உளர். ஒரு வாளி நீர் ஊற்றினால் அடைப்பு மீளும். நெடுநாள் பூட்டி வைப்பதாயின் அந்நீரின்மேல் சிறிது சமையல் எண்ணெய் விட்டால் அது ஆவியாதலைத் தடுக்கும்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரை வட்டாரத்தில் கழிகலத்தின் வாழ்நாளை முடிவு செய்வது அதுவே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடுதல் தலைமுறைகளாக நடந்துவரும் தொழில். ஆவாரம்பட்டையால் பதனிட்ட முறை பின்தள்ளப்பட்டு, 1970-களுக்குப் பின் குரோமியம் கொண்டு பதனிடும் முறை ஓங்கியது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு கழுநீரோடு கலந்து நிலத்துள் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. குரோமியம் உடலுக்குக் கேடு. கழிகலத்துக்குக் கேடு செய்பவையோ உப்பும் நீரின் வன்மையும் ஆகும். குடிநீரில் கரைந்த உப்புகள் இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று, வேறு நீர் இல்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அமைவனத்தின் வரம்பு. தோலாலைகளை அடுத்த கிணறுகள் பல இவ்வரம்பையும் கடந்தவை. மேட்டூரிலிருந்து குழாய்வழி வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் போற்றி வைத்துவிட்டு, கழிவறைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே இவ்வூர்களின் மக்கள் விடுகின்றனர். ஆதலின் மேல்மாடித் தொட்டியிலிருந்து அலசுதொட்டிக்கு வருவது பெரும்பாலும் வன்னீரே.

வன்னீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். வெப்பத்தாலும் காற்றுப் படுதலாலும் கரிவளி நீங்கியதும், கரையாத கால்சியம் கார்பனேட்டு வெண்படிவாய்ப் பிரியும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக்க, அதனால் நீரின் காரத்தன்மை உயர்ந்து படிவு மேலும் விரைவாக விளையும். இப்படிவு வழவழப்பான பீங்கான்மேல் கறையாக மட்டும் நிற்கும். இரப்பர் அடைப்பிதழின் விளிம்பில் படிந்தாலோ மயிரிழை இடைவெளி ஒன்று தோன்றும். அவ்விடைவெளி வழியே மணித்துளிக்கு 100 மில்லிலிட்டர் ஓசையின்றிக் கசிந்தால், ஒரு நாளில் 144 இலிட்டர் வீணாகும். தேசியக் கட்டட நெறித்தொகுப்பு ஒருவரின் ஒருநாட் தேவையாகக் குறிப்பது 135 இலிட்டர். குடியிருப்பவர் ஒருவர் கூடியதற்கு ஒப்பான செலவை, எவரும் காணாத ஒரு கசிவு செய்கிறது. அந்நீரின் வன்மை இலிட்டருக்கு 600 மில்லிகிராமாயின், நாள்தோறும் 86 கிராம் சுண்ணப்பொருள் அவ்வழியே சென்று, ஒரு பங்கைக் கலத்தின் பின்சுவரில் பழுப்புக் கோடாய் விட்டுச் செல்லும்.

கவிகுழல் தொட்டியில் இக்குறை எழ இடமில்லை. அதன் வெளியேறு வழி நீர்மட்டத்துக்கு மேலே வளைந்து கவிழ்ந்திருப்பதால், தூக்கி எழுப்பினாலன்றி நீர் அவ்வளைவைத் தாண்டாது. ஒருமுறை தாண்டியபின் தொட்டி வற்றும்வரை தானே வடியும். மிதவைத் திருகு பழுதானாலும், மிகைநீர் தனிக்குழாய் வழியே வெளியே சொட்டி, காண்போர் கண்ணில் படும். கண்ணில் படும் பழுது விரைவில் தீரும். கசிவைத் தடுக்கும் நோக்கில் இங்கிலாந்து நாடு பல ஆண்டுகள் கவிகுழல் தொட்டியை மட்டுமே ஏற்று, அடைப்பிதழ்த் தொட்டிகளுக்கு 2001-இல்தான் வீடுகளில் இசைவளித்தது. நம் பழைய கட்டடங்களில் சங்கிலி இழுத்து இயக்கிய வார்ப்பிரும்புத் தொட்டிகளும் இந்நெறியில் அமைந்தவையே. அவை உயரத்தில் நின்றதும் பொருளுடையது. வீழும் நீரின் விரைவு உயரத்தின் இருமடி மூலத்தைப் பின்பற்றுவதால், 2 மீட்டர் மேலிருந்து உராய்வின்றி வீழும் நீர் நொடிக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட விரைவு பெறும். 40 செண்டிமீட்டர் மேலிருந்து வீழ்வதோ 3 மீட்டரையும் எட்டாது. கைப்பிடியால் இயங்கும் நெகிழித் தொட்டிகளில் கவிகுழல் வகை இன்றும் கிடைக்கிறது. என் கருத்தில், வன்னீர் ஊரில் குடிக்கூலி வீட்டுக்கு இதனினும் ஏற்ற அலசுதொட்டி இல்லை. சுவருக்குள் மறைத்த தொட்டியை இங்கே வைப்பது பெரும் பிழை. ஓர் இரப்பர் வளையம் மாற்றச் சுவரோட்டைத் தொட வேண்டிய நிலை எந்த வீட்டாருக்கும் வேண்டா.

கலத்தின் பொருளைப் பற்றி இவ்வட்டாரம் பெருமையோடு பேசலாம். தோலாலைகளின் ஊராகிய அதே இராணிப்பேட்டையில்தான் பாரி நிறுவனத்தின் பீங்கான் ஆலை எழுந்தது; பாரிவேர் என்னும் பெயரில் அங்கு உருவான கழிகலங்கள் நாடெங்கும் சென்றன. இன்று அப்பெயர் எசுப்பானிய நாட்டு ரோக்கா நிறுவனத்தின் உடைமை. வெண்களியும் பிற களிகளும் படிகக்கல்லும் பெல்ஸ்பார்க் கல்லும் நீரில் கலந்த குழம்பை அச்சில் வார்த்து, உலர்த்தி, மேற்பூச்சிட்டு, 1,200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சுடுவர். அவ்வெப்பத்தில் பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை நிரப்புவதால், நன்கு சுட்ட கலம் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. வாங்குவோர் விரல் கணுவால் தட்டிப் பார்க்கலாம்: மணியொலி எழுந்தால் கலம் முழுமையானது, அடங்கிய ஒலி எழுந்தால் உள்ளே வெடிப்புண்டு. வளைகுழலின் உட்புறத்தையும் விரலால் தடவி, அங்கும் மேற்பூச்சு உண்டா எனத் தேர்தல் வேண்டும். பூச்சற்ற சொரசொரப்பே படிவின் முதல் இருப்பிடம்.

எக்கலம் எவ்வீட்டுக்கு என்பது குடியிருப்போரைப் பொறுத்தது. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்தது. மேற்கு வங்கம், சார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நோயாளரும் உறவினரும் காந்தி சாலையைச் சுற்றிய தெருக்களில் கிழமைக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகின்றனர். அறுவை முடிந்தவரும் முழங்கால் மடக்க இயலாதவரும் வாழும் அவ்வறைகளுக்கு அமர்கலம் தேவை. அருகில் சுவரில் பதித்த உறுதியான கைப்பிடியும் தேவை. அமர்கலத்திலும், நீரை உறிஞ்சி இழுக்கும் குறுகிய வளைகுழல் வகையைத் தவிர்த்து, நீர் நேரே தள்ளிச் செல்லும் அகன்ற வளைகுழல் வகையைக் கொள்க. துணியும் பஞ்சும் விழுந்தாலும் அகன்ற வழி அடைபடல் அரிது. வாங்குமுன், கழிவுக்குழாய் தரைக்குள் இறங்குகிறதா சுவருக்குள் செல்கிறதா என்பதையும், சுவரிலிருந்து குழாயின் நடுவுக்கு உள்ள தொலைவையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூரில் காலணி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களும் அவர்தம் குடும்பங்களும் வாழும் வரிசை வீடுகளில், பல குடிகள் ஒரே கழிவறையைப் பகிர்கின்றன. அங்கே, கடைகளில் ஒரிசா பேன் என விற்கப்படும் குந்துகலம் மிகப் பொருத்தமானது. மிதியடிகளும் கலமும் ஒரே பீங்கானாய் அமைந்திருப்பதால் சிறுநீர் ஊறும் இணைப்புகள் இல்லை. நீர்வரவு நின்ற நாளிலும் ஒரு வாளியால் இயங்கும். சாய்வு மிக்க ஊற்றுகலம் 1.5 முதல் 2 இலிட்டரில் தூய்மையாகிவிடும். கழிவுக்குழாய் நீண்டும் சாய்வு குறைந்தும் உள்ள இடத்தில் மட்டும் அச்சிக்கனம் பொருந்தாது. கழுவிக்கொள்ளத் தெளிகுழல் வைப்போர், அதற்குமுன் தனி ஆங்கிள் காக் ஒன்றையும் வைக்க வேண்டும். திருகுகளும் ஆணிகளும் உப்புநீரால் அரிக்கப்படாத மாழையாலோ கெட்டி நெகிழியாலோ ஆகியிருத்தல் நலம்.

படிவு கண்டவுடன் கடையில் விற்கும் ஆசிட்டைக் கொட்டுவது இவ்வட்டார வழக்கம். அது படிவைக் கரைக்கும். கூடவே சிமெண்டு இணைப்பையும் மாழைத் திருகையும் தின்னும். மக்கள் செப்டிக் டேங்க் என வழங்கும் செரிதொட்டியின் நுண்ணுயிர்களையும் கொல்லும். வெளுப்புத்தூளோடு கலந்தால் குளோரின் வளி எழுந்து மூச்சை அடைக்கும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து இரவு முழுதும் ஊறவிட்டுத் தேய்ப்பதே போதும்.

கழிகலத்தின் செம்மை செரிதொட்டியில் முடிகிறது. ஈரறை கொண்டு கட்டிய தொட்டியில் திண்மக்கழிவு அடியில் தங்கிச் செரிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியில் தேங்கும் சேற்றை உறிஞ்சி அகற்ற வேண்டும். கசியும் அலசுதொட்டி அத்தொட்டியை நீரால் நிரப்பிச் செரிமானத்தைக் கெடுக்கும். துணி அடைத்த குறுகிய வளைகுழல் யாரையேனும் கைவிட்டு எடுக்கச் செய்யும். தொட்டிக்குள் ஐதரசன் சல்பைடும் மெத்தேனும் தேங்கும்; இறங்கியவர் ஓரிரு மூச்சில் மயங்கி வீழ்வார். தோலாலைக் கழிவுத்தொட்டிகளில் இவ்வாறு மாண்ட தொழிலாளரை இம்மண் நன்கறியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பின்றிச் செரிதொட்டிக்குள் ஆளை இறக்குவதை எவருக்கும் தடை செய்கிறது. அத்தடை வீட்டாருக்கும் உரியது. ஆதலின் பாலாற்றங்கரையில் வீடு கட்டி விடுவோரே, கலம் வாங்குமுன் கிணற்று நீரின் உப்பளவைச் சோதித்தறிக. அசையும் உறுப்புக் குறைந்த, வெளியே தெரியும் தொட்டியையே கொள்க. சேறு அகற்றிய நாளைத் தொட்டி மூடியருகே எழுதி வைக்க. உரிய நாளில் உறிஞ்சு ஊர்தியை அழைக்க. எக்காலத்தும் எவரையும் உள்ளே இறக்கற்க.